குடைக்கம்பிக் கதிரை

"பிள்ளையள் நல்லா எழுதுகினம், தங்கச்சி. அதில ஒரு குறையும் இல்லை. ஆனா நிலத்தில இருந்தெல்லோ எழுதுகினம்! இருக்க வாங்கு இல்லை, கதிரை இல்லை. இதைப் பள்ளிக்கூடம் எண்டு நான் எப்பிடிப் பதியிறது?"

பள்ளிக்கூடப் பரிசோதகர் திருச்செல்வம் வாசற்படியில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே இதைச் சொன்னார். யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டவர் அல்லர். வத்தேகமவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறதாமே என்று கேள்விப்பட்டு, கண்டியிலிருந்து மாத்தளை ரயிலேறித் தாமாகவே பார்க்க வந்தவர். ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குப் பிள்ளை என்ன எழுதுகிறது என்பதைவிட, எதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறது என்பதில்தான் அக்கறை அதிகம்.

"உங்கட ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வாறன். அதுக்குள்ள ஏதும் செய்யப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

கதவோரத்தில் நின்ற றம்ஸியாவுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போலிருந்தது. அந்த வகுப்பை ஆரம்பித்தவள் அவள். வாப்பா உயிரோடிருந்தபோது கண்டியில் வைத்து அவளை எட்டாம் வகுப்பு வரை படிப்பித்தார். அவர் மௌத்தான பிறகு மாமாவின் வீட்டுக்கு வந்தவள், அடுப்படியில் முடங்கிக் கிடக்க மனமில்லாமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஓதத் தெரியும், தன் பெயரை எழுதத் தெரியாது என்றிருந்த பிள்ளைகள் இப்போது சிலேட்டில் கணக்குப் போட்டன. பதிவு கிடைத்தால் புத்தகம் வரும், இன்னுமொரு ஆசிரியை வருவாள். கிடைக்காவிட்டால் வகுப்பே இல்லை. மாமா அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"கவர்ன்மெந்து ஏலாண்டு சொன்னா நிப்பாட்டிப் போடுங்க, மகள். வயசுக்கு வந்த புள்ளய வச்சிக்கிட்டு என்னத்துக்கு இந்தக் கூத்தெண்டு ஊரெல்லாம் கேக்குது. ஊர் வாய மூட எனக்கேலா."

மாமா ஸெய்னுலாப்தீன் பாக்கும் மிளகும் செத்தல் கொச்சிக்காயும் வாங்கி விற்கும் முதலாளி. சந்தையில் விலை விழுந்து வியாபாரிகளெல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டிருந்த காலம் அது. அப்படியும் வெள்ளிப் பூண் போட்ட குடையை ஊன்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிதான் கடைத்தெருவில் நடப்பார். அந்தக் குடையைப் பெண்சாதிகூடத் தொடக் கூடாது. மனுஷருக்கு அதன்மேல் அப்படியொரு பிரியம்.

பலகை வாங்கி நீளப் பெஞ்சு போல வாங்கு அடிப்பது ஒருபுறம் இருக்கட்டும், அடித்தால் எங்கே போடுவது? அந்த வீட்டு ஹோல் ஒரு நாளைக்கு மூன்று வேஷம் போடும். காலையில் றம்ஸியாவின் வகுப்பு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாஹுல் ஹமீது லெப்பை வந்து அதே பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பார். பொழுது சாயும் முன்னே தெல்தெனியப் பக்கமிருந்து மாட்டுவண்டிகள் வந்துவிடும்; மூட்டைகள் கூரை முட்ட ஏறும்.

"வாங்கு போட்டா மூட்டைய எங்க அடுக்குறது? என்ட தலைலயா?" என்று மாமா ஒரே போடாகப் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆக, றம்ஸியாவுக்குக் காசில்லாமல் கதிரை வேண்டும். அந்தக் கதிரை தேவை முடிந்ததும் கண்ணில் படாமல் மறைந்துவிடவும் வேண்டும். பேயைக் கூப்பிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மாமாவின் பெண்சாதி ரபீகா மாமி சிரித்தாள்.

வழி கிடைத்தது அன்று அஸருக்குப் பிறகுதான். லெப்பையின் ஓதல் முடிந்ததும் பிள்ளைகள் ரைஹால்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ரைஹால் என்பது குர்ஆனை வைத்து ஓதுகிற மடக்குப் பலகை; விரித்தால் கத்தரிக்கோல் போல் நிற்கும், மடக்கினால் ஒற்றைப் பலகையாகிவிடும். அத்தனை ரைஹாலையும் அலுமாரியின் ஒரே தட்டில் அடுக்கிக் கதவைச் சாத்தினாள் றம்ஸியா. சாத்தியவள் உடனே திறந்தாள். ஒன்றை எடுத்து விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள்.

"மாமி! இங்க ஓடி வாங்க!"

"எனத்தயன் புள்ள, பாம்பா?"

"இதப் பெருசாச் செஞ்சி, மேல சாக்குத் துணி தைச்சா ஒரு ஆள் குந்தேலாதா?"

மாமி இடுப்பில் கை வைத்து யோசித்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "கொழும்புத் தொர ஒருத்தன் ரோட்டளக்க வந்தானே, அவன் குந்தினதும் இப்பிடி ஒரு சாமான்லதான்" என்றாள்.

அதன் பிறகு அந்த வீட்டுப் பின்கட்டு தச்சுப்பட்டறையாகிவிட்டது. மரத்துக்குக் கமுகு இருந்தது. தோட்டத்தில் காற்றுக்கு விழுந்து கிடந்த கமுகுகளை வண்டிக்காரன் அழகையா நீளவாக்கில் பிளந்து சலாகை சலாகையாகப் போட்டான். துணிக்கு மாமாவின் பழஞ்சாக்கு இருந்தது. கால்கள் குறுக்கே சேருகிற இடத்தில் மாட்டுவதற்கு ஓர் இரும்புக் கம்பி மட்டும் இல்லை. கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள்; அவிழ்ந்தது. மூங்கில் முளை அடித்தார்கள், முறிந்தது. ரபீகா மாமி மூலையில் கிடந்த உடைந்த குடையை எடுத்து, அதன் நடுத்தண்டை முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். இரும்புத் தண்டு, அசையவில்லை.

அடுத்த நாள் மாமி வீடு வீடாகப் போனாள். இந்த மலைநாட்டு மழைக்கு எந்தக் குடைதான் தாங்கும்? வத்தேகமவில் உடைந்த குடை இல்லாத வீடே கிடையாது. அதை எறிய மனம் வந்த வீடும் கிடையாது. கட்டிலுக்கடியில் கிடந்தது, கோழிக்கூட்டில் செருகியிருந்தது, காக்கை விரட்ட வைத்திருந்தது என்று எல்லாம் வந்து குவிந்தன. எதற்கென்று கேட்டவர்களிடம் "புள்ளகளுக்குக் கதிர செய்ய" என்றாள் மாமி. கேட்டவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அழகையா கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கமுகில் துளை போட்டான். குடைத்தண்டை அளவாக வெட்டி நான்கு கால்களிலும் ஊடாகச் செலுத்தி முனையை நசுக்கினான். கூலி பற்றிப் பேச்செடுத்தபோது தலையைச் சொறிந்தான்.

"கூலியெல்லாம் வேணாங்க, டீச்சரம்மா. எங்க மக பாலம்மாவும் வந்து குந்திக்கிட்டா போதும். மலையில கொழுந்துக் கூடையத் தூக்குறதுக்கு முன்னாடி நாலு எழுத்துப் படிக்கட்டுமே."

"நாளைக்கே கூட்டி வாங்க" என்றாள் றம்ஸியா. அவளை டீச்சர் என்று வாய்விட்டு அழைத்த முதல் ஆள் அவன்தான். அன்று முழுவதும் அவளுக்கு உச்சி குளிர்ந்திருந்தது.

முதல் கதிரை தைத்து முடிந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லி மாமி உட்கார்ந்தாள். கதிரை தாங்கியது. கொஞ்சம் பருமனான மாமியே உட்கார்ந்தாகிவிட்டது, இனி யாருக்குப் பயம்? றம்ஸியா கை தட்டினாள். ஆனால் மாமியின் முகம் கோணியது. நெளிந்தாள், ஒரு பக்கம் சாய்ந்தாள், அப்புறம் "அல்லாவே!" என்று அலறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். தைத்தது செத்தல் கொச்சிக்காய் கட்டி வந்த சாக்கு, மிளகாய்க் காரம் இன்னும் அதில் ஒட்டியிருந்தது! மிளகு வியாபாரி வீட்டுப் பெண்கள், கையில் அகப்பட்ட சாக்கை உதறக்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாக்கையும் சாம்பல் போட்டு அவித்து, ஆற்றில் அலசி, வெயிலில் காய வைத்துத்தான் தைத்தார்கள். மாமி மூன்று நாள் குப்புறப் படுத்தாள் என்று ஊரில் பேச்சு. ஒரு நாள்தான் என்பது உண்மை.

பெருநாள் நெருங்கும்போது கதிரைகள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதற்குக் கம்பி இல்லை. ஊரில் உடைந்த குடையும் தீர்ந்துவிட்டது. அந்த அவசரத்தில்தான் றம்ஸியா அந்தத் தப்பைச் செய்தாள்.

அஸர் நேரம். ஓதலுக்கு முந்தி வந்த பிள்ளைகள் பாயை விரித்து, ரைஹாலில் குர்ஆனையும் வைத்துவிட்டார்கள். லெப்பை இன்னும் வரவில்லை. கால் உயரம் சரியா என்று பார்க்கிற நினைப்பில் றம்ஸியா அங்கேயே ஒரு கதிரையை விரித்து, றமீலா என்ற பிள்ளையை அதில் உட்கார வைத்தாள். குர்ஆன் நிலத்து ரைஹாலில். பிள்ளை அதற்கு மேலே உயரத்தில். விஷயம் தெரியாத வெளியூர் ஆசிரியை ஒருத்தி செய்திருந்தால் தப்பில்லை. குர்ஆன் இருக்கும் இடத்தில் அதைவிட உயரத்தில் உட்காரக் கூடாது என்று பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்த றம்ஸியா செய்யலாமா?

நிலையில் லெப்பை நின்றிருந்தார்.

"எழும்புடி!"

றமீலா துள்ளி எழுந்தாள். றம்ஸியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பிழதான், லெப்பே. மறந்து போச்சி. அல்லாஹ் மன்னிக்கணும்" என்றாள்.

"அது மட்டுமில்ல. இந்தச் சாமான்ட கோலத்தப் பாருங்க. இது ரைஹால்! அல்லாட கலாம, அவன்ட வார்த்தய வைக்கிற சாமான்ட கோலத்துல செஞ்சி அதுமேல குந்துறதா? இந்த ஊட்டுல இது விரிஞ்சா, எந்தப் புள்ளையும் இங்க வராது. நான் சொல்லிப் போட்டன்."

லெப்பை வாயால் சொன்னால் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தி மஃரிபுத் தொழுகைக்குள் சேதி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. நிலத்தில் உட்கார்ந்து படிப்பதானால் வரட்டும், அந்தக் கதிரையில் என்றால் பிள்ளை வீட்டோடு இருக்கட்டும் என்று தாய்மார்கள் சொல்லி அனுப்பினார்கள். குடை கொடுத்த வீடுகளும் அப்படித்தான் சொல்லின. கதிரைகளை மடக்கிப் பின்னறையில் சாத்தி வைத்துவிட்டு றம்ஸியா அழுதாள். தப்பு தன்னுடையது என்பதால் அழுகை அதிகமாக வந்தது.

ஆனால் அழுது முடித்த பிறகு அவள் யோசித்தாள். குர்ஆனுக்கு மேலே உட்கார வைத்தது தப்பு. சரி, வகுப்பு நேரத்தில் எல்லாக் குர்ஆனையும் அலுமாரி உச்சியில் வைத்துவிடலாம். கோலம் எப்படித் தப்பாகும்? அதை மட்டும் அவள் மனது ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் ஓதல் முடிந்து லெப்பை செருப்பைத் தேடும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே வந்தாள்.

"லெப்பே, ஒரு கேள்வி. ரைஹால்ல குர்ஆன ஏன் வைக்கிறோம்?"

"நிலத்துல படப்படாதெண்டு. இதென்ன கேள்வி?"

"இந்த றமீலா குர்ஆனப் பாராம யாசீன் சூறாவ அப்பிடியே சொல்லுவா. மத்தப் புள்ளகளும் அப்பிடித்தான். நீங்கதான் ஓதிக் குடுத்தீங்க. ரைஹால்ல ஈக்கிறது கடதாசியில எழுதினது. இதுகள்ட நெஞ்சுல ஈக்கிறதும் அதே கலாம்தானே?" றமீலாவை முன்னே இழுத்து நிறுத்தினாள். "கடதாசிய நிலத்துல வைக்க மாட்டோம். கலாம நெஞ்சுல சொமக்கிற புள்ளய மட்டும் நிலத்துல வைக்கலாமா, லெப்பே?"

லெப்பை அவளைப் பார்த்தார். தாடியைத் தடவினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோபமா, வேறெதுவுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர்த்துப் பேசிவிட்டாயே என்று மாமா அன்றிரவு சோறு தின்னாமல் எழுந்தார்.

பெருநாள் போனது. திருச்செல்வம் வருகிற நாளும் வந்தது. லெப்பையிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. காலையில் றம்ஸியா பின்னறையை எட்டிப் பார்த்தாள்; பாக்கியாய்க் கிடந்த கடைசிக் கதிரையும் முடிந்து மற்றவற்றோடு சாய்ந்திருந்தது. "கம்பி எங்கால, மாமி?" என்று கேட்டதற்கு மாமி காது கேளாதவள் போல வெங்காயம் உரித்தாள்.

பிள்ளைகள் வந்து வழக்கம் போல நிலத்தில் உட்கார்ந்தன. பாலம்மாவும் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பரிசோதகர் உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"என்ன தங்கச்சி, அப்பிடியேதானே இருக்கு?"

றம்ஸியா வாய் திறக்குமுன் அவருக்குப் பின்னால் தடி தட்டும் சத்தம் கேட்டது. சாஹுல் ஹமீது லெப்பை. காலையில் அந்த வாசலை மிதித்தறியாத மனிதர், புதுச் சட்டை போட்டு, அத்தர் மணக்க நிலையில் நின்றார். ஹோலைச் சுற்றிப் பார்த்தார்.

"குர்ஆனெல்லாம் எங்க?"

"அலுமாரி உச்சில வச்சிருக்கன், லெப்பே."

"ம்." தொண்டையைச் செருமினார். "அப்ப என்னத்துக்கு என்ட புள்ளகள் நிலத்துல ஈக்கிது? பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதிரய விரிங்க, மக்காள்!"

பிறகு பார்க்க வேண்டுமே! பிள்ளைகள் பின்னறைக்குப் பாய்ந்தன. ஆளுக்கொன்றைத் தூக்கி வந்து படபடவென்று விரித்தன. பிஸ்மில்லாஹ் என்று ஒரே குரலாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தன. பாலம்மா மட்டும் நின்றாள். லெப்பை தடியால் ஒரு கதிரையைக் காட்டினார், அவளும் உட்கார்ந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் வெறும் ஹோல் பள்ளிக்கூடமாகிவிட்டது. றம்ஸியாவின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் மறந்து நின்றாள்.

"எட, கெட்டிக்காரியள்!" என்றார் திருச்செல்வம். ரபீகா மாமி கதவிடுக்கு வழியாக ஒரு கதிரையை நீட்டினாள். அவர் பயந்து பயந்து உட்கார்ந்து, பிறகு தைரியமாகச் சாய்ந்து, புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார்; பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு முந்திவிட வேண்டுமென்று தெல்தெனிய வண்டிகள் காலையிலேயே வந்து வாசலில் நின்றன. பாக்கு நனைந்தால் எல்லாம் பாழ். மாமா உள்ளே ஓடிவந்தார். பரிசோதகரைக் கண்டதும் திகைத்து நின்றார். மூட்டையை உள்ளே போடச் சொன்னால் பள்ளிக்கூடம் போகும், சொல்லாவிட்டால் வியாபாரம் போகும். முகத்தில் ஈயாடவில்லை.

"புள்ளகள், விறாந்தைக்கு!" என்றாள் றம்ஸியா.

மடக்கு, தூக்கு, நட. மாமா மூச்சு விடுவதற்குள் ஹோல் காலி. பக்க விறாந்தையில் மறுபடி படபடவென்று சத்தம். விட்ட இடத்திலிருந்து ஏழாம் வாய்ப்பாடு தொடர்ந்தது. அழகையா மூட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தான். பரிசோதகரும் தம் கதிரையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிள்ளைகளோடு நடந்து, விறாந்தையில் விரித்து உட்கார்ந்து, எழுதியதை முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

"இப்பிடி ஒரு பள்ளிக்கூடத்தை நான் வேற எங்கயும் காணேல்லை. பதிஞ்சாச்சு, டீச்சர்!"

டீச்சர்! அரசாங்கமே சொல்லிவிட்டது. ரபீகா மாமி உள்ளேயிருந்து குலவையிட்டாள். லெப்பை அதைக் கண்டிக்கவில்லை. அவருக்கே வாயெல்லாம் பல்.

மாமாவுக்குச் சேதி புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், இதைக் கடைத்தெருவில் சொல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூலையில் கை போட்டார், கதவுக்குப் பின்னால் தேடினார்.

"ரபீகா! என்ட குடை எங்க?"

மாமி விறாந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை போன இடத்துக்கு மாமாவின் பார்வையும் போனது. றம்ஸியாவும் அப்போதுதான் கவனித்தாள். திருச்செல்வம் உட்கார்ந்திருந்த கதிரையின் குறுக்குக் கம்பி துருவில்லாமல் பளபளத்தது. அதன் நுனியில் வெள்ளிப் பூண் மின்னியது.

ஸெய்னுலாப்தீன் முதலாளி கம்பியைப் பார்த்தார். அதன்மேல் உட்கார்ந்திருந்த கவர்ன்மெந்தைப் பார்த்தார். வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு, சாரத்தைத் தூக்கிப் பிடித்து, கொட்டுகிற மழைக்குள் இறங்கினார்.

நனைந்து சொட்டச் சொட்ட அவர் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று சொன்னது விறாந்தை வரைக்கும் கேட்டது: "நம்மட ஊட்டுல பள்ளிக்கூடம்! என்ட மருமகள் டீச்சர்!"